இலவச மருந்தும் இழந்த நாட்கூலியும்

அங்கத்தினர்களுக்கான இப்பாடப் பகுதியில் இதுகாறும் பங்குத்தொகை, கடன் தவணை, இருப்புக் கணக்கு முதலியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வந்தோம். இம்மாதம் நோயைப் பற்றி எழுதப் புகுந்திருப்பதைக் கண்டு, "ஆய்வாளருக்கு வைத்தியத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் மருத்துவன் அல்லேன். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றுக் கணக்கேடுகளைப் புரட்டும் உத்தியோகத்தில் இருப்பவன். ஆயினும், தவணை தவறிய கடன்களின் பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் "ஏன்?" என்று விசாரிக்கத் தொடங்கினால், அந்த விசாரணை பல வீடுகளில் ஒரு நோயாளியின் பாயருகே போய் முடிகிறது. ஆகையால் இதுவும் கணக்குப் பாடமேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், என் சரகத்தைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தேன். வேட்டி நெய்யும் அங்கத்தினர் ஒருவர் பெயரில் மூன்று தவணைகள் நின்றிருந்தன. முன்பெல்லாம் வாரந்தவறாது துணி ஒப்படைத்தவர். அவ்வாண்டில் அவர் கணக்கில் துணி வரவு பாதியாகக் குறைந்திருந்தது. செயலாளரை விசாரித்தேன். "அவருக்குக் காசநோய், ஐயா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டார்" என்றார்.

அவர் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் பாவு பாதி நெய்தபடி நின்றது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தார். படித்தவர்களுக்கே உரிய அவசரத்துடன் நான் அவரைக் கடிந்துகொண்டேன். "அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆறு மாதம் சாப்பிட்டால் குணமாகும் நோய். அதைக்கூட முடிக்காமல் விட்டால் எப்படி?" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மருந்து சும்மாதான் கொடுக்கிறார்கள், ஐயா. நாளைச் சும்மா கொடுப்பவர் யாருமில்லை" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அங்கே மாத்திரை வாங்கச் சொன்னது செவ்வாய்க்கிழமை. சங்கத்தில் நூல் போடுவதும் செவ்வாய்க்கிழமை. அங்கே போனால் இங்கே நூல் இல்லை" என்று சேர்த்துச் சொன்னார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அச்சங்கத்தில் முன்பு எல்லா நாட்களிலும் நூல் வழங்கி வந்தார்கள். இருப்புப் புத்தகம் ஒழுங்காக இராமையால், வாரத்தில் ஒரே நாளில் வழங்க வேண்டுமென்றும், அங்கத்தினர் நேரில் வந்து கையொப்பமிட்டே பெற வேண்டுமென்றும் முந்தைய ஆண்டின் ஆய்வுக் குறிப்பில் எழுதியவன் நானே. செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தவனும் நானே. அதன்பின் இருப்புப் புத்தகம் மிகவும் ஒழுங்காகத்தான் இருந்தது.

இனி, அக்குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர், இரகத்துக்கு இரகம் கூலி மாறுமாதலால், கணக்குக்காக ஒரு தறியின் நாள் வருமானம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைத்தறி என்பது ஒருவருடைய தொழிலன்று. ஒரு வீட்டின் தொழில். நெய்பவர் எழுந்து போனால் தார் சுற்றுபவரின் உழைப்பும் நின்றுவிடுகிறது. மாதம் ஒரு முறை சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் இழப்பு. அது 400 ரூபாய். இவ்வளவோடு நின்றால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு நாளில் நூல் வாங்கத் தவறியதால், அடுத்த செவ்வாய் வரையில் தறி சும்மா நிற்கிறது. வாரத்துக்கு ஆறு வேலைநாள் என்றால் இழப்பு 2,400 ரூபாய். ஆறு மாதங்களுக்கு 14,400 ரூபாய். இதுதான் அந்த இலவச மருந்தின் உண்மையான விலை. இவ்விலையில் பெரும்பகுதியை விதித்தது நோயன்று, சுகாதார நிலையமுமன்று. நம் சங்கத்தின் நாட்குறிப்பேயாகும். மனைவியை அனுப்பலாமே என்று நானும் கேட்டேன். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் எடை பார்க்கவும் சளி சோதிக்கவும் நோயாளியே வர வேண்டும் என்றார்கள்.

மருந்தை நடுவில் நிறுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. காசநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணிந்து பசி எடுக்கும். உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அந்நிலையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். சில வேளைகளில் அம்மருந்துக்கே அடங்காதனவாக மாறியும்விடும். பிறகு வைத்தியம் நீளும், கடுமையாகும். ஆனால், உடம்பு தேறியதுபோல் தோன்றும் அதே சமயத்தில் வீட்டில் அரிசிப்பானை காலியாகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவ்விரண்டும் சேர்ந்தே அவரைத் தறிக்குத் திருப்பி அனுப்பின.

வருமானத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிய நம் சென்னையிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1950களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே மருத்துவ உலகின் எண்ணம். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றும் இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். தாம்பரத்தை அடுத்த இரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கியே நிற்கிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகள் எத்தனையோ இலட்சம். படுக்கைகளோ மிகச் சொற்பம். ஆகவே 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையைப் போன்ற ஒரு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்தும், மறு பிரிவை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஓராண்டு வைத்தியம் செய்தார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே.

முடிவு 1959இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், அதிகம் ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தார்கள், குறைவாக உண்டார்கள், பலர் உழைத்துக்கொண்டும் இருந்தார்கள். எனினும் நோய் தணிந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டாருக்குத் தொற்று மிகுந்துவிடும் என்ற அச்சமும் பின்னர்த் தொடர்ந்து கவனித்ததில் பொய்யாயிற்று. உலகெங்கும் காசநோய் வைத்தியத்தைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொணர்ந்தவற்றுள் இவ்வாராய்ச்சி தலையாயது.

இதிலிருந்து, "பார்த்தீர்களா, வறுமைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, மாத்திரை இருந்தால் போதும்" என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. இது அரைகுறைப் படிப்பு என்பது என் கருத்து. அந்நோயாளிகளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு அந்நிலையம் சும்மா இருந்துவிடவில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றார்கள். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் பிடித்தார்கள். குடிசையிலும் மருந்து வேலை செய்யும் என்பதை அவ்வாராய்ச்சி நிலைநாட்டியது. ஆனால் குடிசை வரைக்கும் வைத்தியம் நடந்து போயிற்று என்பதும் அதன் ஒரு பாதி. இரண்டாவது பாதியை நாடு வெகுகாலம் மறந்திருந்தது.

மேலும், நோய் குணமாவது வேறு, நோய் வருவது வேறு. ஏன் இவ்வீட்டில் வந்தது, அடுத்த வீட்டில் வரவில்லை என்ற கேள்விக்குச் சோற்றுத்தட்டு விடை சொல்கிறது. 2019இல் தொடங்கி ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 1956இல் தோன்றிய அதே சென்னை நிலையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்குகொண்டது. நோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோர் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துத் தந்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டார்களிடையே புதிதாகக் காசநோய் கண்டவர்கள் மற்றப் பிரிவைவிட 39 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக வேலை செய்தன! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து கூடியவர்களிடையே மரணம் பெரிதும் குறைந்திருந்தது.

நம் மாநிலத்திலும் 2022 ஏப்ரல் முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்ற பெயரில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் பிராணவாயு, தானாக எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து, மெலிந்து துவண்டவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முறை வந்தது. எளிய ஏற்பாடுதான்; ஆனால் மெலிவைக் குணத்தின் குறையாக அன்றி ஆபத்தின் அறிகுறியாகப் பார்த்ததே அதன் சிறப்பு. நோயாளிக்கு ஊட்டத்துக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்க ஏற்பாடு செய்தது. இத்தொகை வங்கிக் கணக்கு வழியாக வருவது. கணக்கு எண் பிழையாகி நின்றுபோன அங்கத்தினர்களுக்குச் சங்க எழுத்தர் அரைமணி நேரம் உதவினால் அதுவும் ஒரு வைத்தியமே.

விவசாய அங்கத்தினர்கள் இதை நெசவாளர் விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களை எண்ணிப் பாருங்கள். சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. களை எடுப்பும் உரமும் கையிருப்பைக் கரைத்துவிட்டன. அறுவடைக்குத் தை வர வேண்டும். குதிரில் நெல் குறைந்து, உழைப்பு மிகுந்து, கையில் காசில்லாத அம்மாதங்களில்தான் மழையும் கொசுவும் காய்ச்சலும் ஒருங்கே வருகின்றன. நெசவாளருக்கும் அதே மாதங்களே கெட்ட மாதங்கள்: தெருவில் பாவு ஓட முடியாது, தறிக்குழியில் நீர் ஊறும். நோய் அதிகமாக வரும் காலமும், அதற்குச் செலவழிக்க முடியாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. "தை வரட்டும், டாக்டரிடம் போகலாம்" என்று தள்ளிப்போட்ட காய்ச்சல்களுக்குக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

கஞ்சிக்கில்லாதவருக்கு மட்டுமே இவ்விதி என்றும் எண்ணலாகாது. இலண்டன் நகரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த ஆண்கள் சுமார் 18,000 பேரை 1967 முதல் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் கட்டணமில்லாத வைத்தியம். எனினும் கடைநிலை ஊழியர்களிடையே இருதய நோயால் இறந்தவர் விகிதம் உயர்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். இடைப்பட்ட படிகளில் இருந்தவர்கள் இடைப்பட்ட அளவில் இறந்தார்கள். புகைபிடித்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியையே விளக்கின. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள், தன் வேலையைத் தானே நிர்ணயிக்க முடியாத நிலையை ஒரு காரணமாகக் கருதினார்கள். நூல் எப்போது வரும், கூலி எப்போது வரும் என்று பிறர் முகம் பார்த்துக் காத்திருக்கும் வாழ்வு நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று.

பிரிட்டனில் வைத்தியம் கட்டணமில்லாமல் கிடைக்கலான வரலாற்றில் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்பது ஒரு சுரங்க ஊர். அங்கே 1890இல் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்து, வாரக்கூலியிலிருந்து சில பென்னிகளைப் பிடித்துச் சேர்த்து, அப்பணத்தில் தாங்களே வைத்தியர்களை அமர்த்திக்கொண்டார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது கொடுப்பது. உடம்பு கெட்டபோது கேட்காமல் பெறுவது. நாளடைவில் அவ்வூராரில் பெரும்பாலோரும் அதில் சேர்ந்தார்கள். அவ்வூரில் சுரங்கத் தொழிலாளியாக இருந்த அனாயிரின் பெவன், பின்னாளில் சுகாதார மந்திரியாகி, 1948 ஜூலை 5 முதல் அந்நாடு முழுவதற்கும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார்.

அதன் பிறகாவது குறை தீர்ந்ததா? அதே வேல்ஸில் கிளின்கோரக் என்னும் சுரங்கக் கிராமத்தில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த ஊரில் நோய் மிகுதியோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவும், எங்கே நோய் குறைவோ அங்கே வைத்தியம் மிகுதியாகவும் அமைகிறது என்று அவர் காட்டினார். குளத்து நீர் மேட்டுக்குப் பாய்வதுபோன்ற இவ்விபரீதத்தை இன்றும் உலகத்தார் அவர் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். அவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், தம் கிராமத்தாரைத் தேடிப் பிடித்து இரத்த அழுத்தம் அளந்தார். தமக்கு நோய் ஒன்றும் இல்லையென்று சொன்னவர்களிடமே நோயைக் கண்டார். சென்னை நிலையத்தின் ஊழியர்கள் குடிசை தேடிப் போனதும், இவர் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப் போனதும் ஒரே செயல்தான்.

நம் நாட்டில் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946இலேயே, பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று கூறிற்று. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் சுய உதவிக் குழுவினர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெயரிலேயே பாதை திரும்பியிருப்பதைக் காணலாம். எனினும் எந்தத் திட்டமானாலும், முதல் சோதனைக்கும், சந்தேகம் வந்தபோதும், கர்ப்பிணியின் பரிசோதனைக்கும் ஒரு நாள் எழுந்து போயே ஆக வேண்டும். அந்த ஒரு நாளை இழப்பில்லாமல் ஆக்குவது சுகாதாரத் துறையால் மட்டும் முடிகிற காரியமன்று.

நான் சொன்ன சங்கத்தில் பிறகு என்ன நடந்தது என்று அறிய விரும்புவீர்கள். நிர்வாகக் குழுவைக் கூட்டி என் குறிப்பை நானே திருத்த நேர்ந்தது. நூல் வழங்கும் நாளை வியாழனுக்கு மாற்றினோம். நோயாளி, கர்ப்பிணி ஆகியோர் சார்பில் வீட்டார் ஒருவரோ, ஒரே தெருவைச் சேர்ந்த மற்றோர் அங்கத்தினரோ சீட்டுக் காட்டி நூல் பெறலாம் என்று தீர்மானித்தோம். சீட்டு முறையால் இருப்புப் புத்தகம் குழம்பும் என்று செயலாளர் அஞ்சினார். ஓராண்டில் இரண்டு பிழைகளே வந்தன. இரண்டும் கூட்டல் பிழைகள்.

அந்த அங்கத்தினர் மீண்டும் சோதிக்கப்பட்டார். நல்லவேளையாக மருந்துக்கு அடங்காத கிருமி இல்லை. முதலிலிருந்து தொடங்கி ஆறு மாதமும் முடித்தார். இப்போது நெய்கிறார். ஆனால் அவ்வாண்டில் ஏறிய கடன் முழுவதும் இன்னும் தீரவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மூத்த மகன் அப்போது நின்று நூல் ஆலைக்கு வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. இவ்விழப்பு என் 14,400 ரூபாய்க் கணக்கில் சேரவில்லை. எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

படிப்பு வட்டங்கள் இம்மாதம் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில் இரண்டு பத்திகள் கீறிக்கொள்ளுங்கள். ஒன்றில், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் எந்தெந்தக் கிழமையில் கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை பார்க்கப்படுகின்றன என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டு எழுதுங்கள். மற்றதில் நூல் வழங்கல், துணி ஒப்படைப்பு, கூலிப் பட்டுவாடா, உரம் வழங்கல், நெல் கொள்முதல் ஆகிய சங்க நாட்களை எழுதுங்கள். இரண்டும் மோதும் கிழமைகளைக் கோடிட்டுக் காட்டுங்கள். அடுத்து, சென்ற ஆண்டு தவணை தவறிய அங்கத்தினர்களில் எத்தனை வீடுகளில் அவ்வாண்டு நோய் இருந்தது என்று, பெயர் குறிக்காமல், எண்ணிக்கை மட்டும் எடுங்கள். நோய் ஒருவருடைய சொந்த விஷயம்; அதைச் சபையில் படிக்கலாகாது. இரண்டு தாள்களையும் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைத்தபின், ஒரு நகலை இவ்விதழின் ஆசிரியருக்கு அனுப்பினால், வந்த விவரங்களைத் தொகுத்துத் தைமாத இதழில் எழுதுவேன்.